பிள்ளைகளோடு பார்க்க எந்தப் பாரதம்?

மே மாத விடுமுறை தொடங்கியதும் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு போனோடு ஒதுங்காமல், எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு புராணத் தொடரை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. என் அம்மாவுக்கு 71. இந்த மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒத்து வருகிற தொடர் எது என்று தேடியபோதுதான், இதை எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டோம் என்று புரிந்தது.

‘சாமி கதைதானே, பிள்ளைங்க தாராளமா பார்க்கட்டும்’ என்பது நம் வீடுகளில் எல்லாரும் சொல்கிற வார்த்தை. சினிமாவுக்குக் கூட்டிப் போனால் யு-வா, யு/ஏ-வா என்று பார்க்கிறோம். புராணத் தொடர் என்றால் ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறோம். ஆனால் மகாபாரதத்தில் என்ன இருக்கிறது? சபை நடுவே ஒரு பெண்ணின் சேலையை உருவுகிறார்கள். ஒரு வேடுவப் பையனின் கட்டைவிரலைக் காணிக்கையாக வாங்குகிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளையைச் சுற்றி வளைத்துக் கொல்கிறார்கள். தூங்குகிறவர்களின் கழுத்தை அறுக்கிறார்கள். இவையெல்லாம் கதைக்கு வேண்டியவை, வெட்டி எறிய முடியாதவை. எட்டு வயதுப் பிள்ளை இதைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பதற்கும் பெரியவர் பக்கத்தில் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எங்கள் முன்னால் இருந்தவை நான்கு. ராமானந்த் சாகரின் தூர்தர்ஷன் ராமாயணம், பி.ஆர். சோப்ராவின் தூர்தர்ஷன் மகாபாரதம், 2013-ல் ஸ்டார் பிளஸில் வந்து விஜய் டிவியில் தமிழ் பேசிய மகாபாரதம், அதே 2013-ல் சன் டிவி ஞாயிற்றுக்கிழமைகளில் போட்ட, தமிழிலேயே எடுத்த மகாபாரதம். கடைசியாகச் சொன்னதை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன்: வாயசைப்பும் மொழியும் ஒட்டி வருவதால் அம்மாவுக்குப் பிடிக்கும், அமித் பார்கவின் கிருஷ்ணர் இதமானவர், ஆனால் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் பார்க்கிற ஏற்பாடு எங்களுக்கு அமையவில்லை. மற்ற மூன்றைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. இதைப் பார்க்காமல் தொடங்கினால் பாதியில் நிற்கும். ராமாயணம் 78 பகுதிகள். இரவுக்கு ஒன்று என்றால் இரண்டரை மாதம். பழைய மகாபாரதம் 94 பகுதிகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி வரும், மூன்று மாதம். புதிய மகாபாரதம் 267 பகுதிகள். ஒன்று இருபது நிமிடம்தான் என்றாலும், தினம் ஒன்று பார்த்தால் ஒன்பது மாதம் ஓடிவிடும்.

ராமாயணத்தை எடுத்துக்கொள்வோம். 1987 ஜனவரி 25-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கியது. அருண் கோவிலின் ராமர், தீபிகாவின் சீதை, தாரா சிங்கின் அனுமார். குஜராத்தின் உம்பர்காவ் என்ற ஊரில் எடுத்தார்கள். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் மறுபடி போட்டபோது, ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தது. அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். மகளுக்கு அப்போது ஏழு வயது.

சிறு பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை என்பேன். மெதுவாகப் போகும். ஒருவர் பேசி முடித்து, மற்றவர் கேட்டு, அப்புறம் பதில் வரும். அடிதடிக் காட்சிகள் இன்றைய பிள்ளைகளைப் பயமுறுத்தாது. நடு வானத்தில் இரண்டு அம்புகள் மெல்ல வந்து முட்டிக்கொள்வதைப் பார்த்து மகள் கைதட்டினாள். ரவீந்திர ஜெயினின் பாட்டு, மொழி புரியாதவரையும் உட்கார வைக்கும். தொடக்கத்தில் எந்தெந்த ராமாயணங்களை ஆதாரமாகக் கொண்டோம் என்று காட்டுகிற பட்டியலில் வால்மீகி, துளசிதாசர் ஆகியோரோடு நம் கம்பனும் இருக்கிறான். அதைப் பிள்ளைகளிடம் காட்டத் தவறாதீர்கள்.

கடினமான இடம் சீதை தீக்குளிப்பது. தொடர் இங்கே துளசிதாசர் வழியில் போகிறது: உண்மையான சீதையை ராமர் முன்னமே அக்கினியிடம் ஒப்படைத்துவிட்டார், ராவணன் கொண்டுபோனது நிழல் சீதையை, இப்போது நெருப்பிலிருந்து நிஜமானவளைத் திரும்ப வாங்குகிறார். கோபப்படுகிற லட்சுமணனுக்கு ராமரே இதை விளக்குவார். ஏழு வயது மகள் அதைக் கேட்டுவிட்டு, “அப்போ அசோக வனத்துல இத்தனை நாள் அழுதது யாரும்மா?” என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பனும் வேறொரு விதத்தில் இதே சங்கடத்தில் இருந்தவன்தான். சீதையைத் தொடாமல், பர்ணசாலை நின்ற நிலத்தையே ராவணன் பெயர்த்தெடுத்துப் போனான் என்று பாடினான். கதை சொன்ன ஒவ்வொருவரும் சீதைக்கு நேர்ந்ததைத் தாங்க முடியாமல் ஒரு வழி தேடியிருக்கிறார்கள் என்று மகளுக்குச் சொன்னேன். எந்த அளவுக்குப் புரிந்ததோ, தலையாட்டினாள்.

ராமாயணத்தில் பெற்றோருக்கு இன்னொரு வசதி உண்டு. 78 பகுதிகளும் பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிடும். சீதை காட்டுக்கு அனுப்பப்படுவதும் லவ குசர் கதையும் தனித் தொடராகப் பின்னால் வந்தவை. அதை எடுக்கச் சொல்லி 1988-ல் வடக்கே வால்மீகி சமூகத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராக வணங்குகிறவர்கள் அவர்கள். அவர் கதைக்குள்ளேயே வருகிற அந்தப் பகுதி இல்லாமல் தொடர் முடிவதை அவர்களால் ஏற்க முடியவில்லை. உங்கள் பிள்ளை சிறியதாக இருந்தால் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தி, மிச்சத்தை நாலைந்து வருடம் கழித்து எடுக்கலாம்.

சரி, எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால் ராமாயணம்தான் என்று அத்தோடு நிறுத்திவிடுவேன். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுக்காரி ஒருத்தி இருக்கிறாள், ராமாயணம் பார்த்துவிட்டாள், பாரதம்தான் வேண்டும் என்றாள். ஆக, பழையதா புதியதா என்பதுதான் உண்மையான போட்டி.

பழைய மகாபாரதம் என் மனதில் ஓர் இடத்தோடு ஒட்டியிருக்கிறது. 1988 அக்டோபர் 2-ல் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி. பக்கத்து வீட்டு மிலிட்டரி மாமா வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்காருவோம். இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தொடர் ஓடும்போது அவர் வாயே திறக்கமாட்டார், எங்களையும் பேச விடமாட்டார். முடிந்ததும் திண்ணையில் வந்து உட்கார்ந்து, என்ன நடந்தது என்று அரை மணி நேரம் சொல்வார். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். நாங்கள் பார்த்தது டிவியில் பாதி, அந்தத் திண்ணையில் பாதி.

அந்தத் தொடரை இப்போது திரும்பப் பார்க்கும்போதும் மரியாதை குறையவில்லை. வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரசா, இந்தியிலும் உருதுவிலும் எழுதிய முஸ்லிம் எழுத்தாளர். இதை என் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னேன். ஒவ்வொரு பகுதியும் சுழலும் சக்கரத்தோடு, ‘நான் காலம்’ என்று ஒரு குரல் பேசத் தொடங்கும். ஹரீஷ் பிமானியின் குரல். காலமே கதை சொல்வதால் யார் பக்கமும் முழுதாகச் சாய்வதில்லை. முகேஷ் கன்னாவின் பீஷ்மர் சபதம் போடுகிறபோது வீரனாகத் தெரிவார். அந்தச் சபதமே அவரைக் கட்டிப்போட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாமே கண்டுபிடிப்போம். நிதீஷ் பரத்வாஜின் கிருஷ்ணர் சிரிக்கும்போது அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மகள் யோசித்துக்கொண்டே இருந்தாள். மணிமகுடங்கள் தகரம் மாதிரி இருக்கின்றன, போர்க்களம் சின்னது, உண்மைதான். ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று தர்மத்தைப் பற்றி ஐந்து நிமிடம் வாதாடுகிற காட்சியை அந்தத் தொடர் பயப்படாமல் வைக்கும். வளர்கிற பிள்ளைகளுக்கு அது நல்ல பயிற்சி.

புதியது சித்தார்த் குமார் திவாரியின் ஸ்வஸ்திக் நிறுவனம் எடுத்தது. 2013 செப்டம்பரிலிருந்து 2014 ஆகஸ்ட் வரை ஓடியது. பணம் செலவழித்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அஸ்தினாபுரம் அஸ்தினாபுரம் மாதிரியே இருக்கும். சௌரப் ராஜ் ஜெயினின் கிருஷ்ணரையும் ஷாஹீர் ஷேக்கின் அர்ஜுனனையும் இந்தோனேசியா வரைக்கும் கொண்டாடினார்கள். நம் ஊரில் அந்தத் தமிழ் டப்பிங்கைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். சுத்தமான தமிழ், ஆனால் நாக்கில் தடுக்காத தமிழ். மகன் ஒரே வாரத்தில், தொடரில் ‘குமாரியே’ என்று கூப்பிடுகிற அந்த நாடக நடையில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் பேசத் தொடங்கிவிட்டான்.

குறையும் உண்டு. தினசரி சீரியலின் பழக்கம் இதில் ஊறியிருக்கிறது. ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் சபையில் இருக்கிற பத்துப் பேர் முகத்துக்கும் கேமரா போகும், பின்னணியில் இடி முழங்கும். அழுகை நீளும், ஆத்திரம் நீளும். சகுனி வருகிறபோதெல்லாம் ஒலிக்கிற இசையே இவன் கெட்டவன் என்று சொல்லிவிடும், பிள்ளை தானாக முடிவு செய்ய இடம் இல்லை. குஃபி பெயிண்டல் நடித்த பழைய சகுனியிடம் அவன் பக்கமும் ஒரு காயம் இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், இரண்டு விஷயத்தில் புதியது முந்துகிறது. ஒன்று கர்ணன். ‘சூத புத்திரன்’ என்ற வார்த்தை விழும் ஒவ்வொரு தடவையும் அது எப்படி வலிக்கிறது என்று தொடர் நின்று காட்டுகிறது. மகன், “ஏன் அவனை மட்டும் போட்டியில விடமாட்டேங்கிறாங்க?” என்று கேட்டான். தேரோட்டி மகன் என்பதால் என்றேன். “தேர் ஓட்டுனா என்ன? கிருஷ்ணரும்தான ஓட்டுவாரு?” என்றான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாதி என்பது என்ன, நம் ஊரிலும் அது எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு அவனிடம் முதல்முறையாகப் பேசினேன். இந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கிற தொடர் குடும்பத்தோடு பார்க்கத் தகுந்ததுதான்.

இரண்டாவது, கிருஷ்ணர் அவ்வப்போது கதையை நிறுத்திவிட்டு நேராக நம்மைப் பார்த்துப் பேசுவது. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, நீங்களே சிந்தித்துப் பாருங்கள் என்று விட்டுவிடுவார். அதைப் பார்த்ததும் அம்மா, “இவரு கட்டியங்காரன் வேலையும் சேர்த்துப் பார்க்குறாரே” என்றார்.

அம்மா செஞ்சிப் பக்கத்துக்காரர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து என்று பார்த்து வளர்ந்தவர். கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவர் வருவார். ராஜா பேசும்போது குறுக்கே பேசுவார், பார்க்கிற சனத்துக்கு எழுகிற கேள்வியை அவர் வாயால் கேட்பார். அம்மாவுக்குப் பாரதம் என்றால் அப்படித்தான்: கதை ஓடும், நிற்கும், கேள்வி வரும், மறுபடி ஓடும். நான் திண்டிவனத்துத் திண்ணையில் பார்த்ததும் அதுதான். மிலிட்டரி மாமா எங்கள் கட்டியங்காரன். இதைப் புரிந்துகொண்ட பிறகு பழையதா புதியதா என்ற கேள்வி எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. நம் வீட்டில் கதையை நிறுத்திப் பேசப்போகிறவர் யார், அவருக்கு எது புரியும் என்று பார்க்க வேண்டும்.

சோதனையாக இரண்டு தொடர்களிலும் சூதாட்டச் சபையை நானும் அம்மாவும் முதலில் தனியாகப் பார்த்தோம். பிள்ளைகளுக்குக் காட்டும் முன் இந்த ஒரு இடத்தையாவது நீங்களும் பார்த்துவிடுங்கள்; மற்றதெல்லாம் இதைவிடச் சுலபம். பழையதில் ரூபா கங்குலி கேட்கிற கேள்வி கல் மாதிரி விழும்: தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? சபையில் மூத்தவர்கள் தலை குனிகிறார்கள். கேமரா அந்த மௌனத்தைக் காட்டுகிறது. புதியதில் பூஜா சர்மா நெருப்பாக நிற்கிறார், ஆனால் காட்சி பகுதி பகுதியாக நீள்கிறது. முடியைப் பிடித்து இழுத்து வருவது மட்டும் எத்தனை நேரம்! எட்டு வயதுக்கு அது அதிகம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

அம்மா அப்போது ஒன்று சொன்னார். அவர் ஊரில் துகில் கூத்து அன்று, துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்துவாராம். கற்பூரம் ஏற்றி, அம்மா, இது என் வேஷம், என் மனசு இல்லை, என்னை மன்னிக்கணும் என்று திரௌபதி வேஷக்காரரைக் கும்பிட்ட பிறகுதான் மேலே ஆடுவாராம். பார்க்கிற பெண்கள் எழுந்து நிற்பார்களாம். “அந்த ஒரு நிமிஷம் இருந்தா எந்தப் புள்ளைக்கும் காட்டலாம். டிவியில அது இல்லையே” என்றார்.

ஆக, எங்கள் முடிவு இது. எடுத்த விதத்தில் பழைய மகாபாரதமே சிறந்தது என்று நான் இப்போதும் நினைக்கிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இந்தி புரிகிற பெரியவர் ஒருவரும் இருக்கிற வீடு என்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். ஆனால் நாங்கள் புதியதைத் தேர்ந்தோம். அம்மாவுக்கு இந்தி தெரியாது. எனக்கு ஓரளவு தெரியும், ஆனால் வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அம்மாவை மூலையில் சும்மா உட்கார வைத்துவிட்டுப் பாரதம் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. பாரதம் அவருடைய கதை.

பார்க்கிற முறைக்கு இரண்டு மூன்று ஏற்பாடு செய்துகொண்டோம். இரவுக்கு ஒரு பகுதி மட்டும். அடுத்தது தானாக ஓடுவதை அணைத்துவிட்டேன். ரிமோட் அம்மா கையில். யார் கையைத் தூக்கினாலும் நிறுத்த வேண்டும். சத்தத்தைக் குறைத்து வைத்தோம், அந்த இடி முழக்கம் பாதி குறைந்தாலே பிள்ளைகளின் பதற்றம் குறைகிறது. இழுவையான பகுதிகளை நான் முன்னாலேயே பார்த்து, தேவையில்லாததைத் தாண்டினேன். துச்சாதனன் வதத்தை மகனுக்குக் காட்டப்போவதில்லை; இரண்டு தொடர்களிலுமே அது எட்டு வயதுக்கான காட்சி அல்ல. அதை அவன் ஆயா, அதாவது என் அம்மா, வாயால் கதையாகக் கேட்டுக்கொள்வான்.

சபைப் பகுதி வந்த இரவு அம்மா சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். துச்சாதனன் கை நீட்டி அப்படியே திரையில் நிற்கிறான். அம்மா செஞ்சிக் கூத்துக் கதையைச் சொன்னார், கற்பூரம், கும்பிடு, எல்லாம். மகள் ஒன்றும் பேசவில்லை. மகன்தான், “ஆயா, பீஷ்மர் தாத்தா அவ்ளோ பெரிய ஆளு, எந்திரிச்சு ஒரு அறை விட்டிருக்கலாம்ல?” என்றான்.

“விட்டிருக்கலாம் கண்ணு. விடலை.”

“ஏன்?”

“அதைத்தான் அவ கேட்டா. அந்தச் சபையில ஒருத்தரும் பதில் சொல்லலை.”

மகள் எழுந்து, “போதும் ஆயா, மீதியை நாளைக்குப் பகல்ல பார்க்கலாம்” என்றாள். அப்படியே செய்தோம். அதிலிருந்து கனமான பகுதிகளை இரவில் வைப்பதில்லை, சனி ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிவிடுகிறோம். பார்த்து முடித்ததும் வெளியே விளையாடப் போய்விடுகிறார்கள், அது நல்லதாக இருக்கிறது.

இப்போது போர் தொடங்கிவிட்டது. வருகிற சனிக்கிழமை சக்கர வியூகம். அபிமன்யுவுக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்பதை அம்மா கதையாக முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டார். திடுமென்று பார்த்து மகன் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. அவன் இரண்டு நாளாக நோட்டில் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருக்கிறான். எங்கே இடைவெளி விட்டால் வெளியே வரலாம் என்று ஒவ்வொன்றையும் ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறான்.